பழைய சட்டைக்கும் வரியா? ஒரு கேள்வியும் கொஞ்சம் வரலாறும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

பாவித்த உடுப்பு, சப்பாத்து, பயிற்சிப் புத்தகம் எல்லாவற்றையும் வீடு வீடாகச் சேர்த்து, குறைந்த விலைக்கு விற்கிற ஒரு சிறிய கடை போடலாமா என்று எங்களுக்குள் பேச்சு நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். வருகிற காசு தோட்டப் பிள்ளைகளின் சாதாரண தர வகுப்புகளுக்கு. பள்ளிவாசல் ஜமாஅத்தும் கோயில் சபையும் சேர்ந்து செய்வதாக யோசனை. போன கூட்டத்தில் ஒரு நானா எழும்பிக் கேட்டார்: "எல்லாம் சரி சேர், இதுக்கு வற் கட்ட வேணுமா?"

அன்றைக்கு எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது: தேவையில்லை. 2024 ஜனவரியில், ஆண்டுக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் வியாபாரம் நடந்தால்தான் வற் பதிவு கட்டாயம் என்று எல்லை வைக்கப்பட்டது. எங்கள் கடை அதன் கிட்டவும் வராது.

ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். நாங்கள் செய்வது தர்மம் என்பதற்காக இந்த விலக்கு வரவில்லை. நாங்கள் சின்னவர்கள் என்பதற்காக வருகிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல. ஏன் என்று விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தர்மக் கடைகளுக்குப் பேர்போன நாடு இங்கிலாந்து. 1942இல், போர்க்காலப் பட்டினியில் தவித்த கிரேக்க மக்களுக்காக ஒக்ஸ்ஃபோர்ட் நகரில் ஒரு குழு உருவானது. அதுதான் பிறகு ஒக்ஸ்ஃபாம். போர் முடிந்த பின் நிவாரணம் கேட்டபோது, அனுப்பி முடிக்க முடியாத அளவு பொருட்கள் குவிந்தன. மிஞ்சியதை விற்றுக் காசாக்க 1947ஆம் ஆண்டளவில் புரோட் வீதியில் கடை திறந்தார்கள். கொடுப்பவருக்குத் தர்மம். வாங்குபவருக்கோ அது தன் காசில், தன் விருப்பத்தில் வாங்கிய பொருள். கைநீட்டி வாங்கும் கூச்சம் இல்லை. நாங்கள் இலவசமாகக் கொடுக்காமல் விற்க நினைப்பதும் இதற்காகத்தான்.

எது தர்மம் என்ற கேள்வி அந்த நாட்டுச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1601இலேயே அதற்கென ஒரு சட்டம் வந்துவிட்டது. 1891இல், வருமான வரிச் சலுகை பற்றிய பெம்சல் வழக்கில் மெக்னாட்டன் பிரபு தர்மத்தை நான்காக வகுத்தார்: வறுமை நீக்கம், கல்வி, சமயம், சமூகத்துக்குப் பயன்படும் ஏனைய காரியங்கள். ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றிய நாடுகளில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு அது.

1973இல் அங்கே வற் வந்தது. இன்று அங்கே, தர்ம ஸ்தாபனம் ஒன்று தனக்கு நன்கொடையாகக் கிடைத்த பொருளை விற்றால் வற் பூச்சிய வீதம். கடை எவ்வளவு பெரிதானாலும் சரி. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தச் சட்டையைப் புதிதாக வாங்கியவர் வரியைக் கட்டிவிட்டார். அதையே ஓர் ஏழைக்கு விற்கும்போது திரும்பவும் ஏன் வரி?

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 1963இல் புரள்வு வரி, 1998இல் பொருட்கள் சேவைகள் வரி, 2002 ஆகஸ்ட்டில் வற். பெயர்தான் மாறியது. இன்று வீதம் 18. பதிவுள்ள கடையில் 1,180 ரூபாவுக்கு ஒரு பாடசாலைச் சட்டை வாங்கினால் அதில் 180 ரூபா வரி. எங்கள் சட்டத்தில் பூச்சிய வீதம் முக்கியமாக ஏற்றுமதிக்கு உரியது. அதாவது, எங்கள் அக்காமார் பறித்த கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறும்போது வற் பூச்சியம். அதே அக்கா பிள்ளைக்குச் சட்டை வாங்கும்போது 18.

தர்மத்தை எங்கள் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இன்னொரு உதாரணம். 2006ஆம் ஆண்டின் இறைவரிச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் சட்டத்திலும், அரசசார்பற்ற நிறுவனங்கள் பெறும் நன்கொடையில் 3 வீதத்தை இலாபமாகக் கருதி வரி அறவிட இடமிருக்கிறது. நிவாரணம், புனர்வாழ்வு போன்றவற்றுக்குத் தளர்வு உண்டு. ஆனாலும் நன்கொடையை இலாபம் என்று பார்க்கும் அந்தக் கண்ணை யோசியுங்கள்.

"சின்னவர்களாகவே இருந்துவிட்டுப் போவோமே சேர்" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பாதுகாப்பு நிலையானதல்ல. 2020 ஜனவரியில் எல்லை 30 கோடியாக இருந்தது. 2022 ஒக்டோபரில் 8 கோடி. 2024இல் 6 கோடி. மதில் பதிந்துகொண்டே வருகிறது.

மலையகத்தவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1848இல் டொரிங்டன் ஆளுநர் காலத்தில் வீதி வரி வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். கடைக்கும் துப்பாக்கிக்கும் நாய்க்கும்கூட வரி. மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது; புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்த பிக்குகளுக்கு விலக்குக் கிடைத்தது, அவர்கள் மத குருமார் என்பதால். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கும் விலக்கு இருந்தது. அது மரியாதையால் வந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆள் தெருவுக்குப் போனால் தோட்ட வேலை நின்றுவிடும், அவ்வளவுதான். சரியாக நூறு வருடம் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே மக்களின் பேரப்பிள்ளைகளை நாட்டின் கணக்கிலிருந்தே விலக்கியது.

விலக்கு என்பது ஒரே சொல்தான். மதித்து விலக்களிப்பதும் உண்டு, கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

ஆகவே எங்கள் யோசனை இது. கடையைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். ஆனால் சின்னதுதானே என்று கணக்கில்லாமல் நடத்த வேண்டாம். வந்த பொருள், விற்ற விலை, பிள்ளைகளுக்குப் போன காசு என்று முதல் நாளிலிருந்தே கொப்பியில் எழுதுவோம். தொண்டு அமைப்புகளைப் பதிவதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வோம். அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்: நன்கொடையாக வந்த பொருளைத் தர்மத்துக்காக விற்றால் வற் பூச்சியம் என்று ஒரு வரி சட்டத்தில் சேருங்கள்.

நானா, உங்கள் கேள்விக்கு நன்றி. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சுவெட்டர் வீட்டில் இருந்தால் கழுவி மடித்துக் கொண்டு வாருங்கள். முதல் கொப்பியில் முதல் வரியாக அதை எழுதுவோம்.