கதவோரத்து இறப்பர்

நக்கிள்ஸ் மலைச்சாரலின் மழையை அறிந்த வத்தேகம வாசிகளுக்கு, பழைய மோட்டார் வண்டியின் முதற்பகை துருவே என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்துருவுக்கு வழிவிடுவது கதவோரத்தில் ஓடும் மெல்லிய இறப்பர்ப் பட்டி. கராஜ்களில் பீடிங் என வழங்கும் இப்பட்டி காய்ந்து வெடித்ததும், மழைநீர் உள்ளே கசிந்து கால்விரிப்பின் அடியில் தேங்குகிறது. மேற்பூச்சு பளபளக்கும், அடித்தகடோ ஓசையின்றி அரிபட்டுப் போகும்.

இப்பட்டிக்கும் இத்தீவுக்கும் நெடுநாளைய உறவுண்டு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிறேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற் சேர்ப்பித்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் அவ்வாண்டிலேயே கண்ணாடிப் பேழைகளில் இலங்கை வந்தன. பேராதனைத் தோட்டத்தின் பெருமை எத்தகையதாயினும், இம்மரத்துக்கு ஏற்றது தாழ்நிலத்து வெப்பமே எனக் கருதி, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் அவற்றுட் பெரும்பாலானவற்றை நட்டனர். பின்னர் 1952இல் இலங்கை சீனாவுடன் உடன்படிக்கை செய்து, இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது. ஒரு மரத்தின் பால் ஒரு நாட்டின் உலைக்கு அரிசியானது சிறிய செய்தியன்று.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர், 1948இல் அறிமுகமாகி 16 இலட்சத்துக்கு அண்மையான எண்ணிக்கையில் விற்பனையாயிற்று. இலங்கை வீதிகளிலும் அது பெருமளவு ஓடிற்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி மிகவும் சுருங்கியது. 1977வரை அந்நெருக்கம் நீடித்தது. புதியது வாராத காலத்தில், உள்ளதைப் பேணுவதே வழியாயிற்று. நம் கைத்தொழிலாளரின் திறமை கூர்மை பெற்றது அக்காலத்திலேதான் என்று துணிந்து கூறலாம்.

இறப்பர் ஏன் வெடிக்கிறது? 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தவாறு, கந்தகத்துடன் சூடாக்கப்பட்ட இறப்பர் வெயிலில் உருகாது, குளிரில் நொறுங்காது. ஆயினும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதன் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிடுகின்றன. இழுபட்டு நிற்கும் மூலைகளிலேதான் கீறல் முதலில் தோன்றும். 1960களில் சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பர் ஓசோனுக்கு எளிதில் இடங்கொடாது. இறப்பர் விளையும் நாட்டிலேயே கதவுப் பட்டிக்குப் பெற்றோலியத்திலிருந்து பிறந்த இறப்பர் மேலாக அமைவது சற்று விநோதமே.

புதுப்பட்டி இடுவோர் அவசரப்படலாகாது. பழைய பட்டியையும் பசையையும் முற்றாகச் சுரண்டி, துருவைத் தேய்த்து, வர்ணம் பூசி உலரவிடுதல் வேண்டும். பட்டியை இழுத்து ஒட்டுதல் பெருந்தவறு. அது நாளடைவில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். பொருத்தைக் கதவின் அடிப்புறத்தில் அமைப்பது நன்று. கதவின் அடியிலுள்ள நீர்த்துளைகளை ஒருபோதும் அடைக்கலாகாது. கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேறுவது அவ்வழியே. முடிவில் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வழுக்கி வருமிடத்தில் மழையும் தடையின்றி நுழையும்.