பச்சை மர மலைப்பாம்பு வளர்ப்பு

பச்சை மர மலைப்பாம்பு நியூ கினி, அதைச் சூழ்ந்த தீவுகள், ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் வாழ்கிறது. 1872இல் ஹெர்மன் ஷ்லேகல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். குட்டிகள் மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ பிறந்து, வளரும்போது பச்சையாகின்றன. வளர்ப்போரை ஈர்த்ததில் இந்த நிறமாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

பகலெல்லாம் கிளையில் சுருண்டு கிடக்கும் இப்பாம்புக்குத் தரைப்பாம்பின் கூண்டு ஒவ்வாது. கிடைக்கொம்பும் ஈரமும் வெப்பமும் வேண்டும். ஆகவே கூண்டில் இனப்பெருக்கம் செய்விப்பது எளிதன்று. காட்டில் பிடிப்பதே மலிவு.

இந்தோனேசியாவில் காட்டில் பிடிப்பது சட்டவிரோதம். ஏற்றுமதியானவை பண்ணையில் பிறந்தவை என்றே ஆவணங்கள் கூறின. ஜெசிக்கா லயன்ஸ், டேனியல் நட்டூஷ் இருவரும் 2009 முதல் 2011 வரை மலுக்கு, பப்புவா பகுதி வணிகர்களிடம் ஆய்வு நடத்தி, காட்டில் பிடித்த 4,227 பாம்புகளைப் பதிவுசெய்தனர். ஏற்றுமதியில் குறைந்தது 80 விழுக்காடு இத்தகையவை என்பது அவர்களின் மதிப்பீடு. பியாக் தீவில் இவ்வினம் குறைந்திருந்தது.

பொய்க்கணக்கைப் பிடிக்க அவர்கள் சொன்ன வழி எளியது: பொரித்த முட்டைகளின் ஓடுகளைப் பண்ணையார் சான்றாகக் காட்ட வேண்டும். தென்னமெரிக்காவின் மரகத மரப் போவாவுக்கு இது உதவாது. அது குட்டி போடும் இனம்.