மழைக் கதையும் மன்னார்க் கரையும்

சனசமூக நிலையங்களிலும் பாடசாலைத் தமிழ் மன்றங்களிலும் பொதுப் பொருள் ஒன்றைக் கொடுத்துச் சிறுகதை எழுதச் சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. அவ்வாறு கொடுக்கப்படும் பொருள்களுள் மழையும் ஒன்று. எல்லோர்க்கும் தெரிந்த பொருளாயிற்றே, எழுதுவது எளிது என்று கருதியே அதனைத் தேர்ந்தெடுக்கிறோம். வந்து சேரும் கதைகளைப் புரட்டினால் ஒழுகும் கூரையும், நனைந்த பிள்ளையும், மண் வாசனையும், பிரிந்த காதலருமே மீண்டும் மீண்டும் வருகின்றனர். அம்மழை எந்த ஊரில் பெய்தது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. மன்னாரில் வாழ்பவர் மன்னாருக்குரிய மழையை எழுத வேண்டுமாயின் எதனை அறிந்திருத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு வரலாறு நல்ல விடை தருகிறது.

மழையின் காரணமாக எழுந்த கதைப் போட்டிகளுள் உலகம் அறிந்த ஒன்றை முதலில் நோக்குவோம். 1816-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில், வில்லா தியோதாத்தி என்னும் மாளிகையில் ஆங்கிலக் கவிஞர் பைரன் தங்கியிருந்தார். கவிஞர் ஷெல்லியும், பின்னாளில் அவருக்கு மனைவியான மேரியும், பைரனின் மருத்துவர் பொலிடோரியும் அங்கே கூடுவது வழக்கம். ஓயாத மழை அவர்களை வெளியே செல்லவிடாமல் தடுத்தது. பேய்க் கதைகளை வாசித்துப் பொழுது போக்கிய அவர்களிடம், ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் பைரன். பைரன் தொடங்கிய கதையை முடிக்கவில்லை. பதினெட்டு வயது மேரி எழுதத் தொடங்கியதோ ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் நாவலாக விரிந்து 1818-இல் வெளிவந்தது. பொலிடோரியின் ‘வம்பயர்’ 1819-இல் அச்சேறியது.

அவர்களை வீட்டுக்குள் அடைத்த மழை எங்கிருந்து வந்தது? 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். வானில் எழுந்த கந்தகப் புகார் உலகைச் சூழ்ந்து கதிரவன் வெம்மையைக் குறைத்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடை கோடையாக இல்லை, பயிர் அழிந்தது, பஞ்சம் பரவியது. ஏரிக்கரையில் கதை எழுதியவர்கள் இத்தொடர்பை அறியார். பிற்கால அறிஞரே அதனைக் கண்டறிந்தனர். தம் கூரைமேல் விழுந்த மழைக்குப் பின்னால் கீழைக் கடலின் மக்கள் பட்ட பெருந்துயர் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

தொலைவில் பிறந்து நம்மிடம் வந்து சேரும் மழை மன்னாருக்கும் உண்டு. அதைக் காண்பதற்கு முன் பருவத்தை அறிதல் வேண்டும். பழந்தமிழர் முல்லைத் திணைக்குக் கார்காலத்தை வகுத்தனர். ஆவணியும் புரட்டாதியும் கார்காலம். மன்னாரிலோ ஆவணியில் சோளகக் காற்று புழுதியைக் கிளப்பும். குளங்கள் வற்றிக் கிடக்கும். தலைவன் வரவை நோக்கி முல்லை நிலத் தலைவி காத்திருந்த மழையை அப்படியே கொண்டுவந்து பேசாலையில் ஆவணியில் பெய்வித்தால் ஊரார் நகைப்பர். இங்கே மழை ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையிலும் மார்கழியிலும் பெய்வது. ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 1000 மில்லிமீற்றரே கிடைக்கிறது; அதிலும் பெரும்பகுதி இச்சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். காலபோக நெல்லுக்கு விதைப்பதும், வாடைக் காற்றுக்கு அஞ்சி வள்ளங்களைக் கரையேற்றுவதும் இப்பருவத்தைப் பார்த்தே நடைபெறுகின்றன. நெடுந்தீவு மீனவர் வாழ்வைப் பற்றிச் செங்கை ஆழியான் எழுதிய நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்றே பெயர். அவர் புவியியல் கற்றவர். காற்றின் திசை மாறினால் மனிதர் வாழ்வும் மாறும் என்பதை அறிந்து எழுதியவர்.

இனி, வானிலிருந்து நேரே விழாத மழையைக் காண்போம். பெருநிலப் பரப்பில் முருங்கன், உயிலங்குளம் முதலிய ஊர்களின் வயல்களுக்கு உயிராய் விளங்குவது கட்டுக்கரைக் குளம். ஐந்தாம் நூற்றாண்டின் தாதுசேனனோடும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகுவோடும் இக்குளத்தை ஆய்வாளர் தொடர்புபடுத்துவர். இக்குளம் தன்மேல் விழும் மழையை மட்டும் நம்பி நிற்பதன்று. அருவியாற்றை மறித்துக் கட்டிய தேக்கம் அணையிலிருந்து கால்வாய் வழியாக நீர் வந்து சேர்கிறது. மேற்பகுதியில் மல்வத்து ஓயா என்று வழங்கும் அவ்வாறு உள்நாட்டுக் குன்றுகளில் தோன்றி, அநுராதபுரத்தை ஊடறுத்து, 160 கிலோமீற்றருக்குமேல் ஓடி அரிப்புப் பக்கத்தில் கடலை அடைகிறது. ஆகவே மன்னார் உழவனின் மழையில் ஒரு பகுதி அநுராதபுரத்து உழவனின் நிலத்திலே பெய்கிறது. அங்கே வெள்ளம் பெருகினால் இங்கே ஆற்றங்கரை ஊர்களில் உறக்கம் இல்லை. அங்கே வானம் பொய்த்தால் இங்கே குளம் நிறையாது. இருவரும் பேசும் மொழி வேறு. இருவரும் அண்ணாந்து பார்க்கும் முகில் ஒன்று.

இக்குளத்தைப் பற்றிப் பிழையான கதையும் ஒன்று உண்டு. 1859-இல் வெளியான தம் நூலில் சேர் எமர்சன் டெனென்ற் என்பவர், பண்டைக்காலத்தார் மட்டம் பார்ப்பதில் தவறிவிட்டனர், கால்வாய் நீர் குளத்தை நிரப்பாமல் ஆற்றுக்கே திரும்பிற்று என்று எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் குளம் புதுக்கப்பட்டபோது அக்கூற்றுப் பொய்த்தது. இன்று அக்குளமும் அதனால் நிறையும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களும் வயல்களுக்கு நீர் தருகின்றன. நீரின் போக்கை அறியாமல் எழுதினால் அறிஞரும் பிழைபடுவர் என்பதற்கு இது சான்று.

அடுத்து, இரு கரையையும் ஒருங்கே தாக்கிய மழை. 1964 டிசெம்பர் 22-ஆம் நாள் வட இலங்கையைக் கடந்த சூறாவளி, அன்றிரவு பாக்கு நீரிணை வழியே தனுஷ்கோடியை அடைந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலைக்கு இரையாயிற்று. தனுஷ்கோடி என்னும் ஊர் மீண்டும் எழவில்லை. மன்னார்க் கரையிலும் வீடுகளும் வள்ளங்களும் அழிந்தன. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல், பின்னர் இராமேசுவரத்துக்கே செல்ல வேண்டியதாயிற்று. போர் மூண்ட 1980-களில் அதுவும் நின்றது. ஒரே காற்றும் ஒரே மழையும் இரு நாட்டு மீனவரை ஓரிரவில் துயருறச் செய்தன. ஆயினும் தனுஷ்கோடியின் அழிவை நினைவுகூரும் அளவுக்கு நம் கரையின் அழிவை நாமே நினைவுகூர்வதில்லை.

இன்னொரு மழைக்காலத்தையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து பலர் கையில் எடுத்தவற்றுடன் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். மற்றோர் ஆண்டாயின் விதைப்பைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய ஐப்பசி மாதம் அது. புத்தளத்துக் குடிசைகளில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு மன்னார் மழை என்பது பெற்றோர் வாயிலாகக் கேட்ட செய்தியாகவே இருந்தது. அயலில் இருந்தவன் போன வழியைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றவனுக்கும் அம்மழையில் ஒரு கதை உண்டு. அக்கதையை எழுதுவது கடினம். கடினம் என்பதற்காக விட்டுவிடுதல் தகாது.

நவீனத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் வ. வே. சு. ஐயரின் கதைக்குக் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்று பெயர். 1915-இல் வெளிவந்த அதில் மரமே தான் கண்டதைச் சொல்கிறது. மன்னாரின் குளக்கட்டுகளும் பெருக்கமரங்களும் கண்டவை அதனினும் மிகுதி. மழையைப் பொருளாகக் கொடுக்கும் மன்றத்தார், கூடவே ஒரு வினாவையும் கொடுப்பாராக: உன் மழை எங்கே பெய்தது, யார் நிலத்தைக் கடந்து உன்னிடம் வந்தது, உன்னைக் கடந்து யாரிடம் போகிறது? எழுதும் இளைஞர் அதற்கு விடை தேடி வயதானவர்களிடம் செல்லட்டும். அருவியாற்றின் மேற்கரைக்கும், கடலின் மறுகரைக்கும், புத்தளத்துக்கும் தம் நினைவைச் செலுத்தட்டும். அவ்வாறு எழுதப்படும் கதையில் பரிசு பெறாததும் பயனின்றிப் போகாது. அதனைப் படிக்கும் அயலூரார், தம் மழையும் அதில் பெய்திருப்பதை அறிந்துகொள்வர்.