பன்னிரண்டு வயதுக்குக் கீழே

ஃபிஜி விடுதிகளின் விளம்பரத் தாள்களில் 12 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. பல விடுதிகளில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தங்குவது இலவசம். பெற்றோரோடு சாப்பிட்டால் சாப்பாடும் இலவசம். ஓர் அறையில் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கடலும் ஆழமில்லை. சிட்னியிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணம். ஆறு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் உள்ள எங்களைப் போன்றவர்களுக்காகவே கடவுள் இந்தத் தீவுகளைச் செய்து வைத்தார் என்று நம்பிவிடலாம்.

வருகிற ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு அங்கே போவதாக முடிவாகிவிட்டது. திட்டம் போடுவது என் பொறுப்பு. கணினித் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன் என்பதால் வழக்கம்போல ஓர் எக்செல் தாளைத் திறந்தேன்: தீவு, படகு நேரம், பிள்ளைகளின் தூக்க நேரம், செலவு. அந்தத் தாளை நிரப்புவதற்காகப் படிக்கத் தொடங்கியவன் வேறெங்கோ போய்ச் சேர்ந்தேன்.

1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து ஃபிஜிக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் ஒப்பந்தத் தாளிலும் 12 வருகிறது. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய அரைப் பங்கு உணவு இலவசம். ஐந்து வயதும் அதற்குக் கீழும் என்றால், வந்திறங்கிய முதல் ஆண்டில் நாளொன்றுக்கு ஒன்பது சட்டாக் பால் இலவசம். நம் அளவில் அது அரை லிட்டர்ப் பக்கம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு நாள்கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அந்த வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி. இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். பால் கொடுக்கும் அதே தாள்தான் பிள்ளையின் வேலைக்கும் விலை போடுகிறது.

எங்கள் மகளுக்கு அரைப் பங்கு. மகனுக்குப் பால்.

தங்குமிடத்துக்கும் கணக்கிருந்தது. தோட்டங்களில் 'லைன்' என்று சொல்லப்பட்ட நீண்ட கொட்டகைகள். பத்தடிக்கு ஏழடி அறைகள். ஓர் அறையில் மணமாகாத ஆண்கள் மூவர், அல்லது கணவன் மனைவியோடு இரண்டுக்கு மேற்படாத பிள்ளைகள். விடுதி முன்பதிவில் 'இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள்' என்ற கட்டத்தைத் தட்டும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பது இனி எனக்குக் கடினம். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அந்த மக்களை அவமதிப்பது. ஆனால் ஒரு குடும்பத்தைத் தலைகளாகவும் வயதுகளாகவும் பிரித்து ஒரு தீவுக்கு அனுப்பும் பதிவேடு இந்தக் கடலுக்குப் புதிதல்ல.

ஆங்கிலத்தின் 'அக்ரிமென்ட்' தொழிலாளர் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. ஐந்தாண்டு கிர்மிட். அது முடிந்தும் ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல் வேண்டுமென்றால் மொத்தம் பத்தாண்டு அங்கே இருந்தாக வேண்டும். 60,000-க்கும் அதிகமானோர் போய் இறங்கினார்கள். அவர்களில் 15,000-க்குச் சற்று மேற்பட்டோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். சென்னைக் கப்பல்கள் 1903-இல்தான் தொடங்கின. அவற்றில் போனவர்கள் வட ஆற்காடு, சென்னை, கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினம், தஞ்சாவூர், மலபார் என்று பல மாவட்டத்துக்காரர்கள். வட ஆற்காட்டிலிருந்து நிறையப் பேர். என் ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஃபிஜிக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து போயிருக்கலாம்.

அவர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளில் மிகப் பெரியது சிட்னி நிறுவனம்: 1855-இல் தொடங்கிய காலனியல் ஷுகர் ரிஃபைனிங் கம்பெனி. 1882-இல் நவுசோரியில் ஆலை, 1886-இல் பா, 1894-இல் லம்பாசா, 1903-இல் லவுதோக்கா. லவுதோக்கா ஆலை ஓடத் தொடங்கிய ஆண்டும் முதல் சென்னைக் கப்பல் போன ஆண்டும் ஒன்று. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை சிட்னி பைர்மான்டில் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள். நான் வேலைக்குப் போகும் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம். மதிய உணவுக்குப் பின் தண்ணீரோரம் நடக்க நல்ல இடம்.

இனித் தீவுகளுக்கு வருகிறேன்.

ஃபிஜியில் 300-க்கும் மேற்பட்ட தீவுகள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது மேற்கே இருக்கும் இரண்டு கூட்டங்களை: மமனுதா, யசாவா. (ஃபிஜி மொழியை ரோமன் எழுத்தில் எழுத முறை வகுத்த மிஷனரிகள் 'த' ஒலிக்கு 'சி' என்ற எழுத்தைத் தந்துவிட்டார்கள். அதனால் நம்மவர்கள் 'மமனுக்கா' என்று வாசிக்கிறார்கள். 'நாண்டி'யை 'நாடி' என்பதும் இதே கதைதான்.) இந்தச் சிறு தீவுகளில் ஆறில்லை, பெரிய சமவெளியில்லை, ஆலையும் எட்டாது. எனவே கரும்பு பெருந்தீவிலேயே நின்றுவிட்டது. கரும்புக்கு உதவாத தீவுகள் வேறொரு தொழிலுக்குக் காத்திருந்தன. 1950-இல் டிரெவர் விதர்ஸ் யசாவாவுக்குப் படகுச் சுற்றுலா நடத்தத் தொடங்கினார். 1960களில் மமனுதாவில் விடுதிகள் முளைத்தன. தீவுக்குத் தீவு தாவி ஓய்வெடுப்பது என்ற யோசனைக்கு இங்கே வயது அவ்வளவுதான்.

அதற்கு முன் சிறு தீவுகளின் பயன் வேறு. 1874 அக்டோபர் 10 அன்று ஃபிஜி பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் ஃபிஜியின் பெருந்தலைவர் தக்கம்பாவ் சிட்னிக்கு வந்து, பிரிட்டிஷ் போர்க்கப்பலில் திரும்பினார். அவரோடு சிட்னியின் தட்டம்மையும் போயிற்று. 1875-இல் அதில் இறந்தவர்கள் ஏறக்குறைய 40,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பயம் ஆறாதபோதுதான் லியோனிதாஸ் என்ற முதல் தொழிலாளர் கப்பல் கல்கத்தாவிலிருந்து 72 நாள் பயணம் செய்து 1879 மே 14 அன்று லெவுக்காவை அடைந்தது. கப்பலில் காலராவும் பெரியம்மையும். வந்தவர்களை ஊருக்குள் விடாமல் யனுதா லைலை என்ற குட்டித்தீவில் இறக்கினார்கள். ஃபிஜி இந்தியர்களின் வரலாற்றில் முதல் கடற்கரை அதுதான்.

பிறகு அந்த வேலை சுவாவுக்குக் கிழக்கே ரேவா முகத்துவாரத்துக்கு எதிரே உள்ள நுக்குலாவுக்கு மாறியது. வரலாறு இவ்வளவு நெருக்கியடித்துக் கிடக்கும் இன்னொரு மணல் திட்டை நான் படித்ததில்லை. அமெரிக்க வணிகப் பிரதிநிதி ஜான் பிரவுன் வில்லியம்ஸின் வீடு அங்கே இருந்தது. 1849 ஜூலை 4 கொண்டாட்டத்தில் தீப்பிடித்து அது எரிந்தது. மிஞ்சிய பொருள்களை ஊரார் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இழப்பை வில்லியம்ஸ் தக்கம்பாவின் தலையில் எழுதினார். அமெரிக்கர்களின் பிற கோரிக்கைகளும் சேர்ந்து கடன் பல மடங்கு பெருகியது. நாட்டை பிரிட்டனிடம் தள்ளிய காரணங்களில் அந்தக் கடனும் ஒன்று. அதே நுக்குலாவில் பிறகு தொழிலாளர்களை இறக்கி, நோய் பார்த்து, தோட்டம் தோட்டமாகப் பிரித்தார்கள். கணவன் மனைவி பிள்ளைகளைப் பிரிக்கக்கூடாது என்று விதி. ஆனால் கப்பலில் சேர்ந்த உறவு அங்கே அறுந்தது. சாதி, ஊர் எல்லாம் கலைந்துபோன கப்பலில் உண்டான அந்த 'ஜஹாஜி' உறவை உடன்பிறப்பாகவே கடைசிவரை கொண்டாடினார்கள். பிற்காலத்தில் நுக்குலா சுவாக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாத் தலம். 2000 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின், அதை நடத்திய ஜார்ஜ் ஸ்பெய்ட்டைச் சிறைவைத்த தீவு. 2006-இல் அவரைப் பெருந்தீவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மேற்கே எல்லாம் நிர்மலம் என்று நினைக்க வேண்டாம். குடும்ப விடுதிகளுக்குப் பேர்போன மலோலோவில் 1840 ஜூலையில் சார்லஸ் வில்க்ஸின் அமெரிக்க ஆய்வுக் கப்பற்படை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் வில்க்ஸின் மருமகன். பதிலுக்கு இரண்டு கிராமங்களைக் கொளுத்தி, ஏறக்குறைய 80 பேரைக் கொன்றார்கள். நான் பார்த்த எந்த விளம்பரத் தாளிலும் இது இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இவ்வளவையும் ஓர் இரவு மனைவியிடம் சொன்னேன். "ஓய்வெடுக்கத்தானேங்க போறோம்? அங்கயும் வந்து வகுப்பெடுக்காதீங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "அந்தப் பாலை நிஜமாவே கொடுத்தாங்களா?"

அதுதான் கேள்வி. ஒப்பந்தத் தாள் வாக்குறுதியைச் சொல்லும். லைன் அறையில் என்ன கிடைத்தது என்பதைச் சொல்லாது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் கப்பலேற்றினார்கள். பிள்ளை பெற்ற பெண்ணும் வயலுக்குப் போயாக வேண்டும். லைன்களில் கைக்குழந்தைகள் நிறையச் செத்தன.

தமிழர்களாகிய நமக்கு ஃபிஜி என்றால் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' நினைவுக்கு வரும், இல்லையென்றால் விமான நிறுவனத்தின் சலுகை விலை நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே அந்தப் பதினைந்தாயிரம் பேரும் அவர்கள் வழிவந்தவர்களும் வாழ்ந்த நூற்றிருபது ஆண்டுகளை நாம் தாண்டிவிடுகிறோம். பாரதி அழுத பெண்களின் பேரப்பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்கள் நம்மில் குறைவு. 1926-இல் சாது குப்புசாமி நாண்டியில் தென்னிந்தியச் சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பள்ளிகள் பல கட்டியது; லம்பாசாவில் ஒரு செவிலியர் கல்லூரியும் நடத்துகிறது. நாண்டிக் கடைத்தெருவின் தென்கோடியில் நிற்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் அவர்களுடையதே.

மொழி போயிற்று. தோட்டத்தின் பொதுமொழி இந்தி, தமிழர் சிறுபான்மை. சிட்னியில் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் குடும்பப் பெயர் கவுண்டர். தமிழ் தெரியாது. "எங்க தாத்தா மதராசி" என்று ஃபிஜி இந்தியில் சொன்னார். அவர் குடும்பம் 1987-க்குப் பிறகு லிவர்பூல் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள் மே 14. லியோனிதாஸ் வந்த அதே தேதி. இரண்டு முறை புலம்பெயர்ந்த குடும்பம். நம் சங்கங்களின் பொங்கல் விழாவுக்கு அவர்களை யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை. புலம்பெயர் இலக்கியம் என்று நாம் போடும் பட்டியல்களிலும் அவர்கள் இல்லை. படித்து விசா வாங்கி வந்த நமக்குக் கிர்மிட்காரர்களை உறவு சொல்லிக்கொள்வதில் ஒரு தயக்கம் இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழ் பேசவில்லை என்பது அதற்கு வசதியான சாக்கு. நம் பிள்ளைகள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், கிர்மிட் பேரனாக லம்பாசாப் பக்கம் பிறந்தவர். கல்கத்தா வழியாகப் போன 45,000-க்கும் மேற்பட்டோரின் குடியேற்றச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றி, ஊர், சாதி, வயது வாரியாக ஆராய்ந்து 1983-இல் நூலாக்கினார். தரவோடு பிழைப்பவன் என்ற முறையில் அந்த உழைப்பின் முன் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது வட இந்தியர்களை. சென்னைச் சீட்டுகளுக்கு அதே அளவில் ஒரு வேலையைச் செய்யத் தகுதியான கணினிக்காரர்கள் இந்த இதழின் வாசகர்களிலேயே ஐம்பது பேர் இருப்பார்கள்.

திட்டம் இப்படி முடிந்திருக்கிறது. முதலில் எழுதியது எட்டு இரவில் நான்கு தீவுகள். ஒவ்வொரு தீவு மாற்றத்துக்கும் அரை நாள் போகும். யசாவாவின் வடகோடிக்குப் படகில் நான்கு மணி நேரத்துக்கும் மேல்; பல இடங்களில் இறங்குதுறை கிடையாது, பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாறி, முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். எனவே இரண்டு தீவுகள் போதும், இரண்டும் மமனுதாவில். நுக்குலா இல்லை, நாண்டியிலிருந்து சுவாவுக்குச் சாலையில் நான்கு மணி நேரம், பின்னிருக்கையில் மூன்று வயதுப் பையனோடு அது நடக்காது. அதற்குப் பதில் தொடக்கத்தில் ஒரு நாள் நாண்டியில் தங்குகிறோம். காலையில் முருகன் கோயில், மதியத் தூக்கம், மாலை லவுதோக்காப் பக்கம் ஒரு சுற்று.

ஜூலை அங்கே கரும்பு அரவைக் காலம். குறுகிய தண்டவாளத்தில் கரும்பு ஏற்றிய ரயில் சாலையைக் குறுக்கே கடந்து ஆலைக்குப் போகும். கார்கள் நின்று வழிவிட வேண்டும். மகளிடம் இதுவரை சொல்லியிருப்பது அந்த ரயிலைப் பற்றி மட்டும்தான். யார் போட்ட தண்டவாளம் என்று கேட்டிருக்கிறாள்.