எரிகோவின் சுவரும் 39 டாலர் 60 சென்ட்டும்

சென்னை ஏவி.எம். நிறுவனம் 1956-இல் எடுத்த 'சோரி சோரி' என்னும் இந்திப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மூலம், ஃபிராங்க் காப்ரா 1934-இல் இயக்கிய 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' என்ற ஹாலிவுட் படம். செல்வர் மகள் எளியவனைக் காதலிக்கும் கதை பழையதுதான். ஆயினும் அப்படத்தை அதன் காலத்தோடு சேர்த்தே காண வேண்டும் என்பது நம் எண்ணம்.

அது பெருமந்தத்தின் காலம். 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. படத்தை எடுத்த கொலம்பியாவும் அன்று சிறிய நிறுவனமே. நாயகன் கிளார்க் கேபிளை எம்.ஜி.எம். நிறுவனத்திடமிருந்து இரவலாகப் பெற்றது.

தந்தையின் காவலிலிருந்து தப்பிய எல்லி, மயாமியிலிருந்து நியூயார்க் செல்லும் பேருந்தில், வேலையிழந்த செய்தியாளன் பீட்டரைச் சந்திக்கிறாள். சாலையோர விடுதியில் குளிப்பதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதையே அவள் அங்குதான் கற்கிறாள். பேருந்தில் ஒரு தாய் பசியால் மயங்கி விழ, இவர்களது கைப்பணம் அவளுடைய சிறுவனுக்குப் போகிறது. நகைச்சுவைக்கு நடுவே நாட்டின் பசியைக் காப்ரா மறைக்கவில்லை.

இரவில் இரு கட்டில்களுக்கிடையே ஒரு போர்வை தொங்குகிறது. பீட்டர் அதற்கு விவிலியத்தின் எரிகோ மதில் என்று பெயரிடுகிறான். அது நாணத்தின் திரை மட்டுமன்று, வர்க்கத்தின் சுவருமாகும்.

எல்லியைக் கண்டுபிடிப்போருக்குத் தந்தை அறிவித்த பரிசு 10,000 டாலர். பீட்டரோ தான் செலவழித்த 39 டாலர் 60 சென்ட்டை மட்டுமே கணக்கெழுதிக் கேட்கிறான். பெட்ரோலுக்காக விற்ற உடைமைகளின் விலையும் அதில் அடங்கும். காதலைச் சொல்லாமல் சொல்லும் அக்கணக்கை மிஞ்சிய காதல் வசனம் அப்படத்தில் இல்லை என்போம்.

ஆனால் ஓர் உறுத்தல் நமக்கு எஞ்சுகிறது. எல்லியின் முந்தைய மணத்தை விலக்கத் தந்தையின் பணமே உதவுகிறது. மதில் விழ அவர் இசைவும் வேண்டியிருக்கிறது. ஏழையின் தன்மானம் வென்றாலும் சாவி செல்வரிடமே இருக்கிறது.

1935-இல் அப்படம் ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் வென்றது. பசித்திருந்த மக்கள் தன்மானமுள்ள ஓர் ஏழையைத் திரையில் கண்டு மகிழ்ந்தனர். அரங்கிற்கு வெளியே அவர்களது சுவர்கள் அப்படியேதான் நின்றன.