இரண்டு ரூபாய் அரிசியும் ஜஹீராபாத் சோளமும்

1983 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச முதலமைச்சரான என்.டி.ராமாராவ், கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி என்ற தேர்தல் வாக்குறுதியை அந்த ஆண்டே நிறைவேற்றினார். ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற 1967ஆம் ஆண்டு முழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் அரசியல் வலுவை விளக்க வேண்டியதில்லை. அதே 1983இல், ஐதராபாத்துக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள ஜஹீராபாத் வட்டாரத்தில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி தொடங்கப்பட்டது. ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தது தற்செயல்தான். ஆனால், அந்த அமைப்பின் பிற்கால வரலாறு பெரும்பாலும் அந்த அரிசியோடு நடத்திய வாக்குவாதமே.

ஜஹீராபாத் மழையை நம்பிய மண். சோளம், கம்பு, தினை, சாமை, துவரை எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து விளையும். தலித் குடும்பங்களிடம் இருந்தவை பெரும்பாலும் வளம் குன்றிய துண்டு நிலங்கள். கடையில் அரிசி மலிவாகக் கிடைத்தபோது, அந்த மண்ணில் பாடுபடுவது கட்டுப்படியாகவில்லை, நிலம் தரிசானது. இழப்பு தானியத்தோடு நிற்கவில்லை. சோளத்தட்டை குறைந்தால் மாட்டுக்குத் தீவனம் இல்லை. மாடு குறைந்தால் எரு இல்லை. எரு இல்லாத மண் மேலும் மெலிந்தது. போதாக்குறைக்கு, அரிசிச்சோறு வசதியானவர் வீட்டுச் சாப்பாடு, சோளரொட்டி ஏழையின் அடையாளம் என்ற எண்ணமும் வேரூன்றியிருந்தது. பசித்தவருக்கு அந்த அரிசி சோறு போட்டது என்பதையும் மறுக்க முடியாது.

1990களின் நடுவில் உருவான சமூகத் தானிய நிதியே இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பது என் கருத்து. அமைப்பின் ஊர்ச் சங்கங்களில் திரண்ட பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தரிசை உழுது எருவிட முன்பணம் கொடுத்தார்கள். கடன் வாங்கியவர் அதைப் பணமாக அல்லாமல் சோளமாகவே சில ஆண்டுகளில் திருப்பித் தர வேண்டும். அப்படிச் சேர்ந்த தானியம் ஊரிலேயே இருப்பு வைக்கப்பட்டு, வேலையும் விளைச்சலும் இல்லாத மாதங்களில் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. யார் ஏழை என்பதைத் தாலுகா அலுவலகம் தீர்மானிக்கவில்லை. ஊர்ப் பொதுவிடத்தில் வண்ணப் பொடியால் தெருக்களையும் வீடுகளையும் வரைந்து, அதைச் சுற்றி உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் வீடு வீடாக வரிசைப்படுத்தினார்கள். வறுமை மிகுந்த வீட்டுக்கு அதிக அளவு. விளைவிப்பது, சேமிப்பது, பங்கிடுவது மூன்றும் ஒரே ஊருக்குள் முடிந்தன. சிறுதானியத்தை மீட்டதைவிட, ரேஷன் என்னும் ஏற்பாட்டை ஊரே நடத்த முடியும் என்று காட்டியதுதான் இவர்களின் பெரிய சாதனை.

உணவுக் கல்வி இதற்குப் பின்னால் வந்த அலங்காரம் அல்ல. சாம்பலும் வேப்பிலையும் கலந்து, வாயை மண்ணும் சாணமும் பூசி மூடிய விதைக்கூடைகளைப் பராமரித்த பெண்களே அதன் ஆசிரியர்கள். இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் தொடங்கிய ‘பாத்த பண்டல ஜாத்தரா’ என்னும் பழம்பயிர்த் திருவிழாவில், சங்கராந்தி தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் விதைகளைச் சுமந்த மாட்டுவண்டிகள் ஊர் ஊராகச் சென்றன. வண்டி நின்ற இடமெல்லாம் விவாத மேடை. மச்னூரில் ‘பச்சசாலை’ என்ற பள்ளி பாடத்திட்டத்தோடு உழவையும் கைத்தொழிலையும் கற்பித்தது. அங்கேயே 2008 அக்டோபரில் சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. ஜஹீராபாத்தில் ஓர் உணவகமும் நடந்தது. சோளரொட்டியைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடும் பண்டமாக்கியது மானம் சார்ந்த செயல் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த களம் சட்டம். அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான பி.வி.சதீஷ் ஒருங்கிணைத்த இந்தியச் சிறுதானிய வலையமைப்பு, ரேஷனில் சிறுதானியம் வேண்டுமென வாதாடியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசிக்கு 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், அரிசி கோதுமை அல்லாத பிற தானியங்களுக்கு 1 ரூபாய் என விலை வைத்தது. ஆனால், நடைமுறையில் சட்டம் தானியத்தை எடுத்துக்கொண்டு ஏற்பாட்டை விட்டுவிட்டது. கொள்முதலும் பங்கீடும் அரசிடமே இருந்தன. கர்நாடகம் ராகியையும் சோளத்தையும் ரேஷனில் வழங்கியது, ஒடிசா 2017இல் தனித் திட்டமே தொடங்கியது. ஜஹீராபாத் இப்போது அடங்கியுள்ள தெலங்கானா அந்த வழியில் செல்லவில்லை.

ஐ.நா. அறிவித்த சர்வதேசச் சிறுதானிய ஆண்டான 2023இன் மார்ச் மாதம் சதீஷ் காலமானார். அந்த ஆண்டின் ஆரவாரத்தில் சிறுதானியம் நகரத்துக் கடைகளில் பிஸ்கட்டாகவும் நூடுல்ஸாகவும் அடுக்கப்பட்டது. 2025 உகாதியன்று தெலங்கானா அரசு ரேஷனில் புதிய திட்டமொன்றைத் தொடங்கியது: ஆளுக்கு மாதம் 6 கிலோ சன்ன அரிசி, இலவசமாக.