சுணங்கும் தேமலும்: ஒரு பொருள் மாற்ற வரலாறு

சங்க அகப்பாடல்களில் தலைவியின் மார்பிற் படர்ந்த சுணங்கு இளமைக்கும் எழிலுக்கும் உரிய அடையாளமாகும். வேங்கைப் பூவையும் பொன் துகளையும் அதற்கு உவமையாக்குவது புலவர் மரபு. இடையின் கீழ்ப்பகுதியில் தோன்றும் புள்ளிகள் திதலை எனப்பட்டன. இவ்விரு சொற்களுக்கும் உரையாசிரியர்கள் பெரிதும் எழுதிய பொருள் 'தேமல்' என்பதே. இன்றைய தமிழில் தேமலோ தோல்நோயின் பெயர். 'நாற்றம்' போல இதுவும் இழிபொருட்பேற்றுக்குச் சான்று எனலாம். ஆயினும் மாற்றம் முற்றுப்பெறவில்லை. 'அழகுத் தேமல்' என்னும் வழக்கில் பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலையாள வழக்கு இதனினும் சுவையானது. தமிழ்ப் பேச்சில் வழக்கிழந்த சுணங்கு அங்கே 'சுணங்ஙு' என வாழ்கிறது. பொருள் அழகன்று, பூஞ்சையால் தோன்றும் இதே தோல்நோய். இருமொழிகளும் வெவ்வேறு சொல்லைக் கொண்டு ஒரே வழியிற் சென்றுள்ளன.

இதனால் சங்கச் சுணங்கு பூஞ்சை நோயே என்று துணிவது பொருந்தாது. பாடல்கள் நிறத்தையும் பரவலையும் கூறுகின்றன; நோயைக் கூறவில்லை. நோய்ப்பெயரிட்டு மொழிபெயர்ப்பவர் தலைவியை நோயாளியாக்கிவிடுகிறார். பிரிவால் வரும் பசலையோடு இதனை மயக்குவதும் அத்தகைய பிழையே.

ஐரோப்பியப் பெயர் வேறு நோக்கில் அமைந்தது. 'பிட்டிரியாசிஸ் வெர்சிகலர்' என்பதன் முற்பகுதி தவிட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பிற்பகுதி நிறம் மாறுவது எனப் பொருள்படும் இலத்தீன். சுரண்டினால் உதிரும் நுண்செதிலும், வெளிறியோ கருத்தோ செம்மை படர்ந்தோ தோன்றும் நிறமும் பெயரிலேயே அடங்கியுள்ளன. 1846இல் ஐக்ஸ்டெட் இதற்குக் காரணமான பூஞ்சையைக் கண்டார். 1889இல் பையோன் அப்பூஞ்சைப் பேரினத்துக்கு, மலாசே என்னும் பிரெஞ்சு அறிஞரின் நினைவாக, 'மலாசேசியா' எனப் பெயரிட்டார். நலமுள்ளோர் தோலிலும் வாழும் இந்த ஈஸ்ட் வகை, வெப்பமும் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மிகும்போது நோயாகிறது. 'டினியா வெர்சிகலர்' என்னும் மற்றொரு பெயரைக் கண்டு இதனைப் படர்தாமரை என்று பெயர்ப்பது தவறு. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் வேறு இனத்தவை.

நலவாழ்வுத் துண்டறிக்கைகளில் இச்சொல்லின் சுமை மிகுகிறது. இந்தியாவில் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கி, 1983இல் ஒழிப்புத் திட்டமாயிற்று. அந்நோயின் தொடக்க அறிகுறியைத் தமிழில் 'உணர்ச்சியற்ற தேமல்' என்று எழுதுவது வழக்கமாயிற்று. பூஞ்சைத் தேமலில் தொடுவுணர்வு குறைவதில்லை. நரம்பைத் தாக்கும் தொழுநோயின் தேமலில் அது மங்கும் அல்லது அறவே அற்றுப்போகும். ஆகவே நோயைப் பிரித்துக் காட்டுவது பெயரன்று, அடைமொழியே. இடநெருக்கடி கருதி அதனை விடுத்தால், சாதாரணத் தேமல் உடையவர் தொழுநோய் என்று அஞ்சுவார். தொழுநோய் உடையவரோ வெறும் தேமல்தானே என்று மருத்துவரை நாடாதிருப்பார்.